ஸ்கேன் சொல்லாத சேதம்

சர்க்கரை நோயாளி ஒருவரின் வயிற்று ஸ்கேன் அறிக்கையில் ‘இரு சிறுநீரகங்களும் இயல்பு’ என்று இருந்தால், அவை இயல்பாக வேலை செய்கின்றன என்று அர்த்தமில்லை. அவற்றின் அளவும் அமைப்பும் இயல்பாக இருக்கின்றன என்று மட்டுமே அர்த்தம். இந்த வேறுபாடு பெரும்பாலான நோயாளிகளுக்குச் சொல்லப்படுவதில்லை. சொல்லப்படாததால், செய்ய வேண்டிய சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் தள்ளிப்போகின்றன. அப்படித் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் சிறுநீரகத்தின் ஆயுளில் கழிகிறது. திருத்தணி வட்டாரத்துக்கும், பெரிய மருத்துவமனைகளை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்கள் அனைத்துக்கும் இது எச்சரிக்கை.

நோயின் பரப்பு சிறியதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வயது வந்தோரில் இது 11.4 சதவீதம். தமிழ்நாட்டின் விகிதம் நாட்டின் சராசரியைவிடக் கூடுதல். சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காலப்போக்கில் சிறுநீரகம் பாதிக்கப்படும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அந்தப் பாதிப்பு வலிக்காது. காய்ச்சல் வராது. கால் வீங்கி, முகம் உப்பி, மூச்சு வாங்கும் கட்டத்தில் மருத்துவரிடம் போகும்போது பெரும்பகுதி போயிருக்கும்.

தணிகைமலையின் 365 படிகளைத் தேடிப் பக்தர்கள் வரும் ஊர் திருத்தணி. அதைச் சுற்றி வாழ்வோரின் அன்றாடம் வேறு. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் விசைத்தறி. திருவாலங்காடு பக்கம் கரும்பு. அரக்கோணம் வழியாகச் சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருவோரும் உண்டு. தறி நின்றால் அன்றைய கூலி இல்லை. ஆகவே ஒரே நாளில் முடிகிற, ஊசி குத்தாத, கையில் படத்தைத் தருகிற பரிசோதனை இவர்களுக்குப் பிடித்துப்போவதில் வியப்பில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அப்படிப்பட்டது. கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களில் வேலை முடிகிறது. மருத்துவரும் படத்தைப் பார்த்தார், நோயாளியும் பார்த்தார். இருவருக்கும் ஒரு திருப்தி. அந்தத் திருப்திதான் பிரச்சினை.

அத்தகைய அறிக்கையில் வழக்கமாக இருப்பவை இவை: வலது சிறுநீரகம் 10.2 செ.மீ. நீளம், 4.3 செ.மீ. அகலம், இடது அதைவிடச் சற்றுக் கூடுதல், புறணியின் எதிரொலி இயல்பு, புறணிக்கும் உட்பகுதிக்கும் இடையிலான எல்லை தெளிவு, கல் இல்லை, நீர்த்தேக்கம் இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மையாகவே இருக்கலாம். வயது வந்த ஒருவரின் சிறுநீரகம் 9 முதல் 12 செ.மீ. வரை இருப்பது இயல்புதான். ஆனால் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது, புரதத்தைக் கசியவிடுகிறதா என்ற இரு கேள்விகளுக்கு இதில் ஒரு வரிகூடப் பதில் கிடையாது. இருக்கவும் முடியாது. திசுவில் மோதித் திரும்பும் ஒலி அலையைக் கொண்டு உருவத்தை வரைவதே இந்தக் கருவியின் வேலை.

சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெடும் விதமே இந்த ஏமாற்றத்துக்கு இடம் கொடுக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டும் அலகுகள் உள்ளன. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஏறக்குறைய முழுவதையும் மீண்டும் ரத்தத்துக்கே அனுப்புகின்றன. ரத்தத்தில் சர்க்கரை கூடும்போது, தொடக்க ஆண்டுகளில் இந்த வடிகட்டல் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அலகுகளுக்குள் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் சற்றுப் பெருக்கிறது. ஸ்கேனில் அது நல்ல பருமனான, நோயற்ற உறுப்பாகத் தெரியும். நுண்ணோக்கியில் மட்டுமே காணக்கூடிய சவ்வுகள் தடித்து, ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்குவது அந்தக் காலத்தில்தான். காப்பாற்றக்கூடிய காலமும் அதுதான்.

நோய் முற்றிய பிறகும் படம் முழு உண்மையைச் சொல்வதில்லை. வேறு பல காரணங்களால் நாள்பட்டுக் கெடும் சிறுநீரகம் வற்றிச் சுருங்கும். ஸ்கேனில் அதன் நீளம் இறங்கிவிடும். சர்க்கரையால் கெட்ட சிறுநீரகமோ, டயாலிசிஸ் கட்டத்தை நெருங்கும்போதுகூட இயல்பான நீளத்தில் இருக்கலாம். இது மருத்துவ மாணவர்களின் பாடநூலிலேயே உள்ள செய்தி. திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலையின் சுவரை வெளியே நின்று அளந்துவிட்டு, இன்றைக்கு எத்தனை டன் அரவை நடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிறுநீரகத்தின் விஷயத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

எதிரொலி என்ற அளவுகோலிலும் சிக்கல் உண்டு. சிறுநீரகத்தின் புறணி எவ்வளவு வெளுத்துத் தெரிகிறது என்பதைப் பக்கத்தில் இருக்கும் கல்லீரலோடு ஒப்பிட்டே ஸ்கேன் பார்ப்பவர் முடிவு செய்கிறார். கல்லீரலைவிடச் சிறுநீரகம் வெளுத்திருந்தால் பழுது என்று எழுதுகிறார். ஆனால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது. கொழுப்புப் படிந்த கல்லீரலும் வெளுத்துத்தான் தெரியும். அதன் பக்கத்தில், பழுதான சிறுநீரகமும் இயல்பாகத் தோன்றும். ஒப்பிடும் பொருளே மாறிப்போன பிறகு ஒப்பீடு எப்படி நிற்கும்? கருவியில் வைத்திருக்கும் அளவமைப்பு, பார்ப்பவரின் அனுபவம், நோயாளியின் உடல் பருமன் ஆகியவையும் அந்த ஒரு வரியை மாற்றக்கூடியவை.

தவறு எதிர்த்திசையிலும் நடக்கிறது. ‘முதல் நிலை ஆர்.பி.டி. மாற்றங்கள்’ (சிறுநீரகத் திசுவில் நோய் மாற்றங்கள்) என்று அறிக்கை சொன்னால், ‘கிட்னி போய்விட்டது’ என்று குடும்பம் கலங்குகிறது. எதிரொலியைக் கொண்டு எழுதப்படும் இந்த நிலை வேறு. வடிகட்டும் திறனைக் கொண்டு மருத்துவம் வகுத்துள்ள ஐந்து நிலைகள் வேறு. இரண்டுக்கும் ஒரே மாதிரி எண் இருப்பதால் வரும் குழப்பம் இது. கலங்கிய குடும்பம் ரத்தப் பரிசோதனைக்குப் போனால் நல்லது. சிலர் யாரோ சொன்ன சூரணத்தையும் லேகியத்தையும் தேடிப் போகிறார்கள். எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்து, பழுதில்லாத சிறுநீரகத்தையும் பழுதாக்கும்.

ஸ்கேனே வேண்டாம் என்பது நம் வாதமல்ல. சிறுநீர்ப்பாதை அடைப்பு, கல், பிறவியிலேயே ஒற்றைச் சிறுநீரகம், நீர்க்கட்டிகள் நிறைந்த பரம்பரை நோய் ஆகியவற்றை இவ்வளவு மலிவாகவும் விரைவாகவும் காட்டும் கருவி வேறில்லை. சர்க்கரையால் நரம்பு தளர்ந்தவருக்குச் சிறுநீர் கழித்த பின்னும் பையில் எவ்வளவு தங்குகிறது என்பதை அது அளந்து சொல்லும். இரு சிறுநீரகங்களின் நீளத்தில் 1.5 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒரு பக்கத்து ரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம் என்ற துப்பு கிடைக்கும். வடிகட்டும் திறன் திடீரென இறங்கினாலும், சிறுநீரில் ரத்தம் போனாலும் ஸ்கேன் அவசியம். சர்க்கரை இருப்பவருக்கு வரும் எல்லாச் சிறுநீரக நோயும் சர்க்கரையால் வந்ததல்ல என்பதையும் மறக்கக் கூடாது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியில் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாத பலருக்கும் சிறுநீரகம் கெடுகிறது. காரணம் தேட ஸ்கேன் வேண்டும். வேலையை அளக்க அது உதவாது.

படத்திலிருந்தே வேலையைக் கணிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. தைவான் ஆய்வாளர்கள் சில ஆயிரம் சிறுநீரக ஸ்கேன் படங்களைக் கணினிக்குப் பழக்கி, வடிகட்டும் வீதத்தை ஓரளவு கணிக்கச் செய்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். பாராட்டத்தக்க வேலை. ஆனால் அந்தக் கணினிக்கு எது சரி, எது தவறு என்று சொல்லிக்கொடுத்தது அதே நோயாளிகளின் ரத்த கிரியாட்டினின் மதிப்புதான். சிறிதளவு ரத்தத்தில் கிடைக்கும் விடையைப் படத்திலிருந்து ஊகிக்கும் கட்டத்தில்தான் அறிவியலே இருக்கிறது. நம் ஊர் ஸ்கேன் அறையில் அந்த ஊகத்துக்கும் வழியில்லை.

வேலையை அளப்பவை இரண்டு பரிசோதனைகள். முதலாவது, சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். காலையில் பிடித்த சிறிதளவு சிறுநீர் போதும். 24 மணி நேரம் சேகரிக்க வேண்டியதில்லை. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் ஆல்புமின் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. 300-ஐத் தாண்டினால் பாதிப்பு முற்றிவருகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிக்கு நோய் தெரிந்தவுடனே இதைச் செய்ய வேண்டும், பிறகு ஆண்டுதோறும். முதல் வகை நோயாளிக்கு ஐந்தாண்டு கழித்துத் தொடங்கலாம்.

இரண்டாவது, ரத்த கிரியாட்டினின். அதனுடன் வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படும் வடிகட்டும் வீதம். கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. பல லேப் அறிக்கைகளில் 1.2 வரை இயல்பு என்று அச்சிட்டிருக்கும். 2021-இல் திருத்தி வெளியிடப்பட்ட சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 1.2 உள்ள 30 வயது ஆணின் வடிகட்டும் வீதம் நிமிடத்துக்குச் சுமார் 83 மில்லிலிட்டர். அதே 1.2 உள்ள 65 வயதுப் பெண்ணுக்கு அது சுமார் 50. இந்த வீதம் மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது மருத்துவ வரையறை. ஆக, ‘இயல்பு’ என்று அச்சான தாளுடன் வீடு திரும்பும் அந்தப் பெண்மணிக்கு நோய் மூன்றாம் நிலையில் இருக்கலாம். இந்தக் கணக்கைப் போட லேப்புக்குத் தனி ரசாயனமோ கருவியோ வேண்டாம். கணினி போட்டுத் தரும். போட்டுத் தராத லேப்கள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் நிலைமை.

சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டை நல்ல தொடக்கம். ‘சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்’ 2023-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையம் வரை இந்தப் பரிசோதனை வந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் சாதாரணப் பட்டை, புரதம் கணிசமாகப் போகத் தொடங்கிய பிறகே நிறம் மாறும். 30-க்கும் 300-க்கும் இடைப்பட்ட கசிவில் பெரும்பகுதி அதில் படாது. பொதுமக்களைச் சலித்துப் பார்க்கப் பட்டை போதும். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருக்கு அது போதாது. நிறம் மாறவில்லை என்று அவரை ஓராண்டுக்கு அனுப்பிவைப்பது, ஸ்கேன் இயல்பு என்று அனுப்பிவைப்பதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான்.

திருத்தணிக்கே உரிய ஒரு குறிப்பையும் இங்கே சேர்க்க வேண்டும். கடுமையாக உடலை வருத்திய 24 மணி நேரத்துக்குள்ளும், காய்ச்சலின்போதும், சிறுநீர்த் தொற்று இருக்கும்போதும் ஆல்புமின் தற்காலிகமாகக் கூடும். மலையேறி இறங்கிய கையோடு இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது. ஒருமுறை கூடியதும் முடிவு கட்டிவிடவும் கூடாது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறையாவது கூடுதலாக இருந்தால்தான் உறுதி. இதைவிடக் கவலைக்குரியது வலி மாத்திரை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு நடந்தே வருவோர் கால்வலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் மாத்திரை, உடலில் நீர் வற்றிய நேரத்தில் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு நேரடித் தீங்கு. மருந்துக்கடைகளைக் கண்காணிக்கும் அதிகாரம் பெற்றவர்கள் திருவிழா நாட்களிலாவது இதைக் கேட்க வேண்டும்.

முன்கூட்டியே கண்டுபிடித்து என்ன பயன் என்ற கேள்விக்கு விடை தெளிவாகவே இருக்கிறது. லோசார்டன், இர்பசார்டன் ஆகிய ரத்தக்கொதிப்பு மருந்துகள் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகச் சரிவை மெதுவாக்கும் என்பதை 2001-இல் வெளியான இரு பெரும் ஆய்வுகள் காட்டின. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் கிளிஃப்ளோசின் வகை மருந்துகள் அந்தச் சரிவை மேலும் தடுக்கும் என்பது 2019 முதல் வெளியான ஆய்வுகளில் உறுதியானது. இவற்றில் டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020-இலும் எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025-இலும் இந்தியக் காப்புரிமை முடிந்து, பல நிறுவனங்கள் விலை குறைத்து விற்கின்றன. மருந்து இருக்கிறது. விலையும் இறங்கியிருக்கிறது. கசிவு இருப்பது தெரிந்தால்தான் மருத்துவர் எழுதுவார்.

குறைந்த செலவில் இது நடக்குமா என்று ஐயப்படுவோருக்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் முயற்சியில், சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் ஏறத்தாழ 25,000 பேரைக் கொண்ட மக்கள்தொகையில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் ஒரு திட்டம் நடத்தியது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றனர். ரத்த அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத் துளிகளை விட்டால், புரதம் இருந்தால் கலங்கும். பெனடிக்ட் கரைசலுடன் சூடாக்கினால் சர்க்கரை நிறம் காட்டும். கருவி என்று சொல்ல ஒரு சோதனைக்குழாயும் ரத்த அழுத்தமானியும்தான். கண்டறியப்பட்டோருக்கு விலை மலிவான பழைய மருந்துகளே கொடுக்கப்பட்டன. அதன் அனுபவம் 2003-இல் சர்வதேசச் சிறுநீரக மருத்துவ இதழில் வெளியானது. மக்கள்தொகையில் தலைக்கு ஆண்டுச் செலவு அன்றைய மதிப்பில் கால் டாலரை ஒட்டியே இருந்தது. ஸ்கேன் அறையின் குளிர்சாதனக் கருவிக்கு ஆகும் மின்கட்டணம்கூட அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

பிறகு ஏன் ஸ்கேன் முன்னே போகிறது? முதல் காரணம் வணிகம். ‘மாஸ்டர் செக்கப்’ என்று விற்கப்படும் தொகுப்புகளில் வயிற்று ஸ்கேன் முதல் வரிசையில் இருக்கும். சிறுநீர் ஆல்புமின் விகிதம் பல தொகுப்புகளில் இருப்பதே இல்லை. ஸ்கேன் கருவிக்குப் போட்ட முதல் திரும்ப வேண்டும் என்ற நெருக்கடி தனியாருக்கு உண்டு. அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ‘கிட்னி பரிசோதனை’ என்ற பெயரில், கிட்னியின் வேலையை அளக்காத ஒன்றை விற்பதைக் குற்றமற்றது என்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் முகாம் பண்பாடு. இலவச ஸ்கேன் என்று பேனர் கட்டினால் கூட்டம் வரும். இலவச மூத்திரப் பரிசோதனை என்று கட்டினால் ஆள் வராது. அமைப்பாளர்களுக்கு இது தெரியும். மார்ச் மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, உலக சிறுநீரக தினத்தன்றும் படம் பிடிப்பதையே பெரிதாகக் காட்டினால், அந்த நாளின் நோக்கமே வீணாகும்.

பொறுப்பு முதலில் மருத்துவ நிலையங்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைச் சேர்ந்தது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஸ்கேன் செய்யும் ஒவ்வோர் இடமும் பதிவு பெற்றாக வேண்டும். எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், எத்தனை ஸ்கேன் கருவிகள் இருக்கின்றன என்பது அரசுக்குத் தெரியும். தெரிந்த இடங்களுக்கு ஒரு விதி அனுப்புவது கடினமல்ல. சர்க்கரை நோயாளியின் ஸ்கேன் அறிக்கையின் கீழே, ‘இப்பரிசோதனை சிறுநீரகத்தின் செயல்திறனை அளக்காது, சிறுநீர் ஆல்புமின், ரத்த கிரியாட்டினின் பரிசோதனைகள் தேவை’ என்ற வரி தமிழில் இருக்க வேண்டும். திருத்தணியில் தெலுங்கிலும் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. லேப்கள் கிரியாட்டினின் மதிப்புக்குப் பக்கத்தில் வடிகட்டும் வீதத்தை அச்சிட்டே தர வேண்டும் என்ற விதிக்கும் இதே நியாயம் பொருந்தும்.

அடுத்த பொறுப்பு பொது சுகாதாரத்தை நடத்துவோருடையது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் வீட்டு வாசலுக்கே போகின்றன. மாத்திரை கொண்டுபோகும் அதே பெண் பணியாளரின் கையில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சிறுநீர்க் குப்பியைக் கொடுத்தால், தறிக்காரரின் ஒருநாள் கூலி மிஞ்சும். வட்டார அளவில் ஆல்புமின் விகிதத்தை அளக்கும் வசதி இருந்தால் போதும். ஒவ்வொரு துணை நிலையத்திலும் கருவி வேண்டியதில்லை. டயாலிசிஸுக்குக் காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஆயுள் முழுவதும். அந்தச் செலவில் சிறு பங்கைக்கூட முன்கூட்டியே கண்டறிவதில் போடாத கணக்கு, எந்த நிதித்துறைக் கண்ணோட்டத்திலும் நிற்காது.

ஆந்திர எல்லையின் சிக்கல் தனியானது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது கோடு முடிவானது. ஆட்களின் போக்குவரத்து நிற்கவில்லை. நகரி, புத்தூர் பக்கத்தவர் இங்கே வந்து பார்த்துக்கொள்கிறார்கள். இங்குள்ளவர் திருப்பதிக்கும் வேலூருக்கும் போகிறார்கள். சிறுநீரகம் எவ்வளவு வேகமாகச் சரிகிறது என்பது ஒரு மதிப்பில் தெரியாது. மூன்று நான்கு ஆண்டுகளின் மதிப்புகளை வரிசையாக வைத்தால்தான் தெரியும். ஓராண்டு இந்த மாநிலத்து லேப், மறு ஆண்டு அந்த மாநிலத்து லேப் என்று போனால் வரிசையே உருவாகாது. இரு மாநிலச் சுகாதார நிர்வாகங்களும் ஏற்கும் இருமொழிக் கையேடு ஒன்று, நாலு பக்க அட்டையாக இருந்தாலும் போதும். நோயாளியின் பையில் இருக்கும் தாள் எல்லை பார்க்காது.

மருத்துவர்களின் தொழில் நெறியைக் காக்கும் அமைப்புகளும் வாய் திறக்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ஆண்டுதோறும் ஆல்புமின் விகிதம் பார்க்காமல் ஸ்கேனை மட்டும் எழுதிக்கொடுப்பது, உலகளாவிய வழிகாட்டு நெறிகள் எதிலும் இல்லாத நடைமுறை. நேரமில்லை என்பது காரணமாகாது. சீட்டில் ஒரு வரி எழுத ஆகும் நேரம்தான்.

2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சிறுநீரக நலம் குறித்து முதன்முறையாகத் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் ஜெனீவாவில் நிறைவேறும். நோய் பொதட்டூர்பேட்டைத் தறிக்கூடத்திலும் திருவாலங்காட்டுக் கரும்புக் காட்டிலும் முற்றும். இடையில் இருப்பவை பதிவு அதிகாரமும், சுகாதார நிர்வாகமும், காப்பீட்டை நடத்தும் அமைப்பும். ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரி, லேப் அறிக்கையில் ஒரு எண், வீட்டு வாசலில் ஒரு குப்பி. இந்த மூன்றையும் அடுத்த ஆடிக் கிருத்திகைக்குள் திருத்தணி வட்டாரத்தில் நடைமுறைப்படுத்திக் காட்ட முடியும். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை அவர்கள் மக்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ சர்க்கரை இருந்தால், சிறுநீர் ஆல்புமின் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். ஓராண்டு தாண்டியிருந்தாலும், பார்த்ததே இல்லை என்றாலும், இந்த வாரமே மருத்துவரிடம் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.